கழுத்துக் கறுப்பு: தேய்த்தும் போகவில்லை, இப்போது சர்க்கரைப் பரிசோதனை செய்யச் சொல்கிறார்கள்

மாலைநடை (திங்கள், இரவு 9.40)

என் மகளுக்கு வயது 14. பிடரியில் ஒரு கறுப்புப் பட்டை ஓடுகிறது. எப்போது வந்தது என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. பழைய புகைப்படங்களைப் புரட்டிப் பார்த்ததில் இரண்டு வருடமாவது இருக்கும் என்று தெரிகிறது. பார்க்கிறவர்கள் எல்லாம் "நன்றாகத் தேய்த்துக் குளிக்கச் சொல்லக் கூடாதா" என்றார்கள். நானும் அதையே அவளிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். போன மாதம் ஒரு நாள் குளியலறைக் கதவு நெடுநேரம் திறக்கவே இல்லை. வெளியே வந்தவளின் பிடரி தோல் உரிந்து சிவந்திருந்தது. பாத்திரம் தேய்க்கும் நாரால் தேய்த்திருக்கிறாள். கறுப்பு மட்டும் இருந்த இடத்தை விட்டு அசையவில்லை.

சென்ற வாரம் காய்ச்சல் என்று அழைத்துப் போனேன். மருத்துவர் தொண்டையை ஒரு தடவை பார்த்தார், கழுத்தை மூன்று தடவை பார்த்தார். சர்க்கரைக்கு ரத்தப் பரிசோதனை எழுதிக் கொடுத்துவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டுவிட்டார். விளக்கம் கேட்க வாய்ப்பில்லை. 14 வயதில் சர்க்கரையா? கழுத்துக்கும் சர்க்கரைக்கும் என்ன சம்பந்தம்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பஞ்சுருண்டை (திங்கள், இரவு 10.25)

தோல்நோய்ப் பிரிவில் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். முதலில் அந்த நாரைத் தூக்கி எறியுங்கள் தம்பி.

குழந்தை தூங்கும்போது விரல் நுனியால் அந்த இடத்தைத் தொட்டுப் பாருங்கள். வெல்வெட் துணியைத் தடவுவது போல இருக்கிறதா? தோலின் இயல்பான ரேகைகள் ஆழமாகி, குறுக்கும் நெடுக்குமாகக் கோடு போட்டது போலத் தெரிகிறதா? அக்குளிலும் விரல் முட்டிகளின் மேலும் அதே கறுப்பு இருக்கிறதா? இருந்தால் அதற்கு அகாந்தோசிஸ் நிக்ரிகன்ஸ் என்று பெயர். பெயர்தான் பயமுறுத்தும். தோல் தடித்து, நுண்ணிய மடிப்புகளாக மடிந்து நிற்கிறது, அவ்வளவுதான். கறுப்பாகத் தெரிவதற்கும் அந்தத் தடிப்புதான் பெரும்பாலும் காரணம். தடித்த தோலை எந்தச் சோப்பு கரைக்கும்?

சர்க்கரையோடு சம்பந்தம் கேட்டீர்கள். சாப்பிட்டதும் ரத்தத்தில் ஏறும் சர்க்கரையைத் தசைக்குள்ளும் கொழுப்புக்குள்ளும் அனுப்புவது இன்சுலின். சிலருக்குத் தசையும் கல்லீரலும் இன்சுலினின் பேச்சைக் கேட்பதில்லை. உடனே கணையம் இன்னும் அதிகமாகச் சுரக்கிறது. ரத்தச் சர்க்கரை சரியாகவே இருக்கும், பரிசோதனைத் தாளில் குறை ஒன்றும் தெரியாது. ஆனால் உள்ளே இன்சுலின் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு ஓடிக்கொண்டிருக்கும். அந்த உபரி இன்சுலின், தோல் செல்களில் வளர்ச்சிக்காக இருக்கிற ஏற்பிகளில் போய் ஒட்டிக்கொள்கிறது. தோல் தேவையில்லாமல் பெருகுகிறது. ஆகவே கழுத்துக் கறுத்தால் சர்க்கரை நோய் வந்துவிட்டது என்று பொருளில்லை. சர்க்கரையைக் கட்டுக்குள் வைக்க உடம்பு அளவுக்கு மீறி உழைக்கிறது என்று பொருள். இந்த நிலையிலேயே கண்டுபிடித்தால் திருப்பக்கூடியது.

இன்னொன்று கேட்கிறேன், தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். வீட்டில் வேறு யாருக்கு இருக்கிறது? உங்கள் பிடரியை நீங்கள் கடைசியாகப் பார்த்தது எப்போது?

சந்தேகப்பிராணி (திங்கள், இரவு 11.02)

கழுத்துக் கறுத்தவர்களை எல்லாம் நோயாளி ஆக்குவதில் எனக்கு உடன்பாடில்லை. சங்கிலி உராய்ந்து கறுக்கும். வெயிலில் கறுக்கும். வாசனைத் திரவியம் ஒத்துக்கொள்ளாமல் கறுக்கும். என் சொந்தக்காரர் ஒருவருக்கு வாழ்நாள் முழுக்கக் கழுத்துக் கறுப்பு. எண்பது வயதிலும் சர்க்கரை இல்லை. ஏற்கனவே அந்தப் பெண்ணைக் கழுத்தைச் சொல்லியே நோகடித்தாயிற்று. இப்போது ஊசியும் குத்தப் போகிறோம்.

பஞ்சுருண்டை (செவ்வாய், காலை 6.10)

உராய்வுக் கறுப்பு உண்டு, ஒப்புக்கொள்கிறேன். அதனால்தான் தொட்டுப் பார்க்கச் சொன்னேன். உராய்வாலும் வெயிலாலும் வருவது பெரும்பாலும் நிறம் மட்டும்தான். உராயும் இடத்தில், வெயில் படும் இடத்தில் வரும். வெயிலே படாத அக்குளிலும் தொடை இடுக்கிலும் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வெல்வெட்டாக வந்தால் சங்கிலியைக் குற்றம் சொல்ல முடியாது.

அழுக்கு போலத் தெரிந்து, சோப்புக்கு மசியாமல், ஸ்பிரிட் நனைத்த பஞ்சுக்கு மட்டும் மசியும் ஒரு வகையும் இருக்கிறது. உதிர வேண்டிய செல்கள் உதிராமல் அடுக்கடுக்காக ஒட்டிக்கொண்டிருக்கும். என் பணிக்காலத்தில் ஒரு சிறுவன் வந்தான், கழுத்து முழுக்கப் பழுப்புத் தகடு. தினமும் இரண்டு வேளை குளிக்கிறான் என்று தாய் அழுதாள். பஞ்சால் ஒரே இழுப்பு. பஞ்சு பழுப்பாகிவிட்டது, கழுத்தில் வெள்ளைக் கோடு விழுந்தது. அந்தத் தாயின் முகத்தை மறக்க முடியாது. ஆகவே தம்பி, மருத்துவரிடம் போகும்போது அதையும் ஒரு தடவை துடைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். உரிந்த புண் ஆறிய பிறகு.

ஊசி குத்துவதைப் பற்றி: அந்தக் குழந்தையை நோகடித்தது ஊசி இல்லை ஐயா, நார்.

ஆய்வகவாசி (செவ்வாய், காலை 8.35)

ரத்தம் எடுக்கும் இடத்தில் வேலை பார்க்கிறவன். எண்களைச் சொல்லிவிடுகிறேன், பிறகு தாளைப் பார்த்துக் குழம்ப வேண்டாம்.

வெறும் வயிற்றுச் சர்க்கரை 100க்குக் கீழே இயல்பு. 100 முதல் 125 வரை எல்லைக் கோட்டில் நிற்கிறது. 126ம் அதற்கு மேலும் சர்க்கரை நோய். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி 5.7க்குக் கீழே இயல்பு, 5.7 முதல் 6.4 வரை எல்லை, 6.5 முதல் நோய். தொந்தரவு எதுவும் இல்லாதவருக்கு ஒரே ஒரு எண்ணை வைத்து முடிவு சொல்லிவிடக் கூடாது. மறுபடி பார்க்க வேண்டும், அல்லது இரண்டு வகைப் பரிசோதனைகளும் சேர்ந்து அதையே சொல்ல வேண்டும்.

வளரும் பெண் என்பதால் ஒன்று: இரும்புச்சத்துக் குறைவால் ரத்தசோகை இருந்தால் எச்பிஏ1சி உண்மையைவிடக் கூட்டிக் காட்டலாம். ஹீமோகுளோபினையும் சேர்த்துப் பார்த்துவிடுங்கள். ரத்தக் கொழுப்பு வகைகளான டிரைகிளிசரைடு, எச்டிஎல், அவற்றோடு கல்லீரல் நொதிகளும் ஒரே குத்தில் முடியும்.

வானம்பாடி (செவ்வாய், காலை 11.20)

இந்த இழையைப் பத்து வருடத்துக்கு முன்னால் நான் படித்திருக்க வேண்டும். எனக்கு 19 வயதில் அக்குள் கறுத்தது. 20இல் தாடையோரம் பருக்கள். 21இல் மோவாயில் தடித்த முடிகள். மாதவிடாய் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை, மூன்று மாதத்துக்கு ஒரு முறை. ஒவ்வொன்றுக்கும் ஒவ்வோர் இடத்துக்குப் போனேன். பருவுக்கு ஒருவர் களிம்பு கொடுத்தார். முடியை அழகு நிலையத்தில் எடுத்தார்கள். அக்குளுக்கு முழுக்கை உடை. இவை நான்கும் ஒரே கதை என்று யாரும் சொல்லவில்லை. 26 வயதில்தான் ஒரு மருத்துவர் நான்கையும் ஒரே தாளில் எழுதிக் கீழே கோடு போட்டு பிசிஓஎஸ், அதாவது சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை, என்றார்.

அவர் விளக்கியது நினைவிருக்கிறது. உபரி இன்சுலின் சினைப்பையைத் தூண்டி ஆண் ஹார்மோனை அதிகமாகச் சுரக்க வைக்கிறதாம். அந்த ஹார்மோனைப் பிடித்துக் கட்டி வைக்கிற புரதத்தைக் கல்லீரல் குறைவாகச் செய்கிறதாம். கட்டவிழ்ந்த ஹார்மோன் முகத்தில் முடியாகவும் பருவாகவும் முளைக்கிறது. மாலைநடை ஐயா, உங்கள் மகளின் மாதவிடாய் ஒழுங்காக வருகிறதா என்று அவள் அம்மாவைக் கேட்கச் சொல்லுங்கள். இந்த வயதில் கொஞ்சம் முன்பின்னாக வருவது இயல்புதான், ஆனால் கேட்டு வைப்பது நல்லது.

இரவுப்பணி (செவ்வாய், பிற்பகல் 3.45)

எனக்குக் கழுத்து சுத்தமாக இருக்கிறது. ஆனால் மேல் இமையில், மூக்கை ஒட்டிய மூலையில், வெண்ணெய் தடவியது போல மஞ்சள் திட்டு. இரண்டு கண்ணிலும். வலியில்லை. வயது 38. கழுத்தைச் சுற்றிச் சின்னச் சின்ன மருவும் தொங்குகிறது, ஏழெட்டு இருக்கும். இதுவும் கணக்கில் வருமா?

சந்தேகப்பிராணி (செவ்வாய், மாலை 4.30)

அதற்கு சாந்தலாஸ்மா என்று பெயர். தோலடியில் சேரும் கொழுப்பு. பயப்படுமுன் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள்: அந்தத் திட்டு உள்ளவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு ரத்தக் கொழுப்பு இயல்பாகவே இருக்கும். மோனா லிசாவின் கண்ணோரத்தில்கூட அது இருப்பதாகச் சில மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள். ஐந்நூறு வருடத்துக்குப் பிறகு ஓவியத்துக்கே ரத்தப் பரிசோதனை எழுதிக் கொடுப்பார்கள் போலிருக்கிறது.

ஆய்வகவாசி (செவ்வாய், இரவு 7.15)

பாதிப் பேருக்கு இயல்பு என்பது சரி. ஆனால் மீதிப் பாதியில் நீங்கள் இல்லை என்று கண்ணாடியைப் பார்த்துச் சொல்ல முடியாதே! அதோடு, டென்மார்க்கின் கோபன்ஹேகனில் 12,745 பேரை முப்பது வருடத்துக்கும் மேல் பின்தொடர்ந்த ஆய்வு ஒன்று 2011இல் வெளியானது. இமையில் இந்தத் திட்டு இருந்தவர்களுக்கு மாரடைப்பு கூடுதலாக வந்தது. கொழுப்பு அளவு, புகைப்பழக்கம், ரத்த அழுத்தம் எல்லாவற்றையும் கழித்துப் பார்த்த பிறகும் அந்தக் கூடுதல் நின்றது. கருவிழியைச் சுற்றி வரும் வெள்ளை வளையத்துக்கு அப்படித் தனி அபாயம் தெரியவில்லை.

இரவுப்பணி, கொழுப்புப் பட்டியல் முழுவதும் எடுங்கள். கெட்ட கொழுப்பான எல்டிஎல் 190ஐத் தாண்டினால் உங்கள் குதிகாலுக்கு மேலே இருக்கும் தசைநாணைத் தடவிப் பார்க்கச் சொல்வார்கள். அது கயிறு போலத் தடித்திருந்தால் பரம்பரைக் கொழுப்பு நோய். ஏறக்குறைய 250 பேரில் ஒருவருக்கு இருக்கிறது, பெரும்பாலோருக்குத் தெரியாது. மருவைப் பற்றி: தனியாக ஒன்றிரண்டு யாருக்கும் வரும். கொத்தாக வந்தால் சர்க்கரையையும் பார்த்துவிடுவது நல்லது, அதுவும் இன்சுலின் பக்கத்து உறவுதான்.

கண்ணால் பார்த்த ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். முழங்கையிலும் பிட்டத்திலும் திடீரென்று கொத்துக் கொத்தாகப் பரு வந்ததாக ஒருவர் வந்தார். அருகில் பார்த்தால் நுனியில் மஞ்சள், சுற்றிச் சிவப்பு. ரத்தத்தைச் சுழற்றி எடுத்தால் மேலே வைக்கோல் நிறத்தில் தெளிந்த நீர் நிற்க வேண்டும். இவர் குழாயில் பால் நின்றது. குளிர்பெட்டியில் ஓர் இரவு வைத்துக் காலையில் பார்த்தபோது மேலே ஆடை கட்டியிருந்தது. டிரைகிளிசரைடு ஆயிரங்களில். அந்த அளவில் கணையம் எந்த நேரமும் வெந்துபோகலாம். அவர் வந்தது பருவுக்குக் களிம்பு வாங்க.

நெறியாளர் (செவ்வாய், இரவு 8.00)

கழுத்தை ஒரே வாரத்தில் வெளுக்க வைப்பதாகச் சொன்ன களிம்பு விளம்பரமும் கைப்பேசி எண்ணும் கொண்ட பதிவு நீக்கப்பட்டது. மூன்றாவது தடவை.

பஞ்சுருண்டை (செவ்வாய், இரவு 8.20)

நன்றி நெறியாளரே. அந்த மாதிரிக் களிம்புகளில் ஸ்டீராய்டு இருக்கும், சிலவற்றில் பாதரசமே இருக்கும். ஸ்டீராய்டு தோலைக் காகிதம் போல மெலிய வைக்கும், பாதரசம் சிறுநீரகத்தைக் கெடுக்கும். எலுமிச்சையும் சமையல் சோடாவும் என்று கிளம்புகிறவர்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன்: எரிச்சல் வந்த தோல் ஆறும்போது முன்பைவிடக் கறுக்கும். மாலைநடையின் மகளுக்கும் நார் பட்ட இடம் சில மாதம் கூடுதலாகக் கறுத்துத்தான் இருக்கும். அவளை முன்கூட்டியே தயார்படுத்துங்கள்.

பெயர் சொல்லவில்லை (புதன், அதிகாலை 1.10)

இதற்காகவே புதுக் கணக்குத் தொடங்கினேன். ஆண், 45. முன்தோலில் அரிப்பு, வெடிப்பு, வெள்ளைப் படிவு. பூஞ்சைக் களிம்பு போட்டால் போகிறது, ஒரு மாதத்தில் திரும்பி வருகிறது. இது ஐந்தாவது முறை. மனைவி என்ன நினைப்பாளோ என்று பேசவும் முடியவில்லை. இதுவும் இந்த இழையில் சேருமா?

பஞ்சுருண்டை (புதன், காலை 5.50)

சேரும் தம்பி, முதல் வரிசையில் சேரும். சிறுநீரில் சர்க்கரை இறங்கினால் அந்த இடத்தில் பூஞ்சைக்கு விருந்து. பெண்களுக்கு அடிக்கடி வரும் வெள்ளைப்படுதலும் அரிப்பும் அப்படித்தான். திரும்பத் திரும்ப வரும் சீழ்க்கட்டிகளும் அதே கணக்கு. களிம்பு வாங்குவதை நிறுத்திவிட்டு இன்று காலையே வெறும் வயிற்றில் ரத்தம் கொடுங்கள். மனைவியிடம் பரிசோதனைத் தாளோடு பேசினால் எளிதாக இருக்கும்.

சந்தேகப்பிராணி (புதன், காலை 9.30)

சரி, நான் கொஞ்சம் இறங்கி வருகிறேன். ஆனால் இதைப் படிக்கிறவர்கள் எல்லாம் கண்ணாடி முன்னால் நின்று ஒவ்வொரு புள்ளியையும் எண்ணப் போகிறார்கள். எது அவசரம், எது ஆற அமரப் பார்க்கலாம் என்றாவது சொல்லுங்கள் அம்மா.

பஞ்சுருண்டை (புதன், காலை 10.15)

நியாயமான கேள்வி. பல வருடமாக மெல்ல வந்த கறுப்பு என்றால் அடுத்த வாரம் போனாலும் போதும். நடுத்தர வயதுக்கு மேல், உடல் பருமன் இல்லாத ஒருவருக்குச் சில வாரங்களில் திடீரென்று பரவினால், உள்ளங்கை தடித்தால், உதட்டிலும் வாய்க்குள்ளும் வந்தால், அதோடு எடையும் குறைந்தால் அன்றே போக வேண்டும். வயிற்றுப் புற்றுநோய் அப்படி முகம் காட்டுவது உண்டு. அரிது, ஆனால் தவறவிடக் கூடாது. ஆய்வகவாசி சொன்ன மஞ்சள் நுனிப் பருவும் அன்றைக்கே.

வயிற்றில் ஒரு விரல் அகலத்துக்கு ஊதா நிறக் கோடுகள், தொட்டாலே கன்றிப் போகும் மெல்லிய தோல் என்றால் கார்ட்டிசால் என்ற ஹார்மோன் பக்கம் பார்ப்பார்கள். தோல் வறண்டு குளிர்ந்து, புருவத்தின் வெளிப்புற மூன்றில் ஒரு பங்கு உதிர்ந்தால் தைராய்டு. சர்க்கரை உள்ளவர்களுக்கு முழங்காலுக்குக் கீழே முன்புறத்தில் வரும் பழுப்பு வட்டங்களுக்குத் தனி வைத்தியம் தேவையில்லை. ஆனால் அவை இருப்பவர் கண்ணையும் சிறுநீரகத்தையும் பரிசோதித்துக்கொள்ள வேண்டும்.

மாலைநடை (சனி, இரவு 10.05)

எல்லோருக்கும் நன்றி. தாமதத்துக்கு ஒரு காரணம் இருக்கிறது.

செவிலியர் அம்மா கேட்ட கேள்வி முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது. புதன்கிழமை மகளிடம் என் பிடரியைக் கைப்பேசியில் படம் எடுக்கச் சொன்னேன். எடுத்துப் பெரிதாக்கிக் காட்டினாள். கறுப்புப் பட்டை, குறுக்கே ஆழமான இரண்டு கோடு, ஓரத்தில் நான்கு மரு. "உன் கழுத்தை எதற்குக் காட்டுகிறாய், என்னுடையதை எடு" என்றேன். அவள் ஒன்றும் பேசாமல் படத்தைக் கீழே நகர்த்தினாள். என் சட்டைக் காலர் தெரிந்தது.

இருவரும் சேர்ந்து ரத்தம் கொடுத்தோம். அவளுக்கு வெறும் வயிற்றுச் சர்க்கரை 94, எச்பிஏ1சி 5.6. ஹீமோகுளோபின் கொஞ்சம் குறைவு. எனக்கு 131ம் 6.9ம். எனக்கு 43 வயது, ஒரு தொந்தரவும் கிடையாது, நன்றாகத்தான் இருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஆய்வகவாசி (சனி, இரவு 10.40)

உங்களுடையதில் இரண்டு எண்களும் ஒரே பக்கம் சொல்கின்றன. திங்கட்கிழமையே மருத்துவரைப் பாருங்கள். கண் பரிசோதனையையும் சிறுநீரில் புரதத்தையும் விட்டுவிடாதீர்கள். மகளுக்கு இயல்பான அளவுக்குள் இருக்கிறது, முதலில் ரத்தசோகையைக் கவனிக்கட்டும். ஆனால் தகப்பனுக்கும் இருப்பதால் அவளை விடாமல் பின்தொடர வேண்டும்.

வானம்பாடி (சனி, இரவு 11.00)

கறுப்பு போகுமா என்று அவள் கேட்டிருப்பாளே?

பஞ்சுருண்டை (ஞாயிறு, காலை 6.30)

போகும், ஆனால் பொறுமை வேண்டும். முதலில் சொரசொரப்பு குறையும், நிறம் கடைசியில்தான் மாறும், பல மாதம் ஆகும். தோலை மிருதுவாக்க மருத்துவர் களிம்பு கொடுப்பார், ஆனால் இன்சுலின் குறையாமல் களிம்பு மட்டும் போட்டால் திரும்பி வரும்.

அமெரிக்காவில் எல்லைக் கோட்டில் இருந்த 3,234 பேரை வைத்துச் செய்த பெரிய ஆய்வு 2002இல் வந்தது. எடையில் 7 சதவீதம் குறைப்பது, வாரம் 150 நிமிடம் நடப்பது என்று இலக்கு வைத்தவர்களில் சர்க்கரை நோய் வருவது 58 சதவீதம் குறைந்தது. மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரையில் 31 சதவீதம்தான். ஆய்வில் இருந்தவர்கள் பெரியவர்கள். வளரும் பிள்ளைக்கு எடை இலக்கு நாமாக வைக்கக் கூடாது, மருத்துவர் சொல்லட்டும். அவளை மட்டும் நடக்க விட்டுவிட்டு நீங்கள் நாற்காலியில் உட்காராதீர்கள் தம்பி, பெயரே மாலைநடை என்று வைத்திருக்கிறீர்கள்.

மாலைநடை (ஐந்து மாதம் கழித்து, ஞாயிறு, இரவு 8.50)

பழைய இழையை மேலே கொண்டுவருவதற்கு மன்னிக்கவும். இரண்டு பேர் தனிமடலில் கேட்டார்கள்.

நான் மாத்திரை எடுக்கிறேன், எச்பிஏ1சி 6.9இலிருந்து 6.2க்கு வந்திருக்கிறது. ஆறு கிலோ குறைந்தேன். பெயர் வைத்த பிறகு நடக்கத் தொடங்கியவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். மகளுக்கு இரும்புச்சத்து ஏறிய பிறகு மறுபடி பார்த்ததில் 5.3. நார் பட்ட இடம் செவிலியர் அம்மா சொன்னபடியே முதலில் கறுத்து, இப்போது வெளுத்து வருகிறது. தடவினால் வெல்வெட் இல்லை என்கிறாள்.

மாதத்தின் முதல் ஞாயிறு அவள் இருவர் கழுத்தையும் ஒரே வெளிச்சத்தில் படம் எடுத்து, பக்கத்தில் அளவுகோலை வைத்து அளக்கிறாள். இன்று காலை அளந்துவிட்டுச் சொன்னாள், என்னுடையது அவளுடையதைவிட இன்னும் ஒரு விரல் அகலம் கூடுதலாம்.